வடபாலியில் ஒரு நாள்

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் நால்வரும் இந்தோனேசியாவின் பாலித் தீவுக்குப் போய் வந்தோம். மலேசியாவில் வேலை பார்க்கும் காக்கா இரண்டு வருடமாகச் சேமித்த காசில் உம்மா, வாப்பா, என்னை அழைத்துப் போனார். நான்கு நாள் பயணத்தில் மூன்று நாட்களைப் பற்றி எழுத அதிகமில்லை. கடைகளும் கடற்கரையும் கூட்டமும்தான். மூன்றாம் நாளை மட்டும் எழுதுகிறேன்.

அன்றைய திட்டத்தைக் காக்கா முதல் நாள் இரவே சொன்னார். விடியற்காலையில் கடலில் டொல்பின், பிறகு ஓர் அருவி, பகலில் ஓர் ஏரிக் கோயில். கோயில் என்றதும் உம்மாவின் முகம் மாறியது.

“நமக்கு அதெல்லாம் என்னத்துக்கு? நான் வேனுக்குள்ளயே இருக்கன்.”

“பாக்கிறது வேற, கும்பிடுறது வேற” என்றார் வாப்பா. “நம்மட ஊரிலயும் கோயில் இருக்குத்தானே. கண்ண மூடிக்கிட்டா அதத் தாண்டிப் போறாய்?”

உம்மா பதில் சொல்லவில்லை. அது சம்மதமும் அல்ல.

நாங்கள் தங்கியிருந்த லொவினா, தீவின் வடகரையில் இருக்கிறது. அங்கே மணல் கறுப்பு. எரிமலைக் கற்கள் தேய்ந்து வந்த மணல் என்பதால் அந்த நிறம். கல்முனைக் கடற்கரையில் வளர்ந்த எனக்குக் கறுப்பு மணலில் கால் வைக்கவே முதலில் ஒரு மாதிரியாக இருந்தது. சுபஹ் தொழுகைக்குக் கிப்லாவைப் பார்த்தால், அங்கும் நம் நாட்டைப் போலவே மேற்கே சற்று வடக்காகத்தான். இவ்வளவு தூரம் வந்தும் திசை மாறவில்லையே என்று உம்மா ஆச்சரியப்பட்டார்.

ஆறு மணிக்குத் தோணியில் ஏறினோம். அதற்கு ஜுகுங் என்று பெயர். ஒடுங்கிய மரத்தோணி, இரு பக்கமும் மூங்கில் மிதவைகள். நம் நாட்டு ஓருவுக்கு மிதவை ஒரு பக்கம்தான். “இவனுகள் ரெண்டு பக்கமும் கட்டியிருக்கானுகள், பயந்த சாதி” என்று வாப்பா சிரித்தார். தோணியின் முகப்பில் தென்னங்குருத்தால் பின்னிய சிறு தட்டில் பூவும் சோற்றுப் பருக்கையும் வைத்திருந்தது. பாலியில் வீட்டு வாசல், கடை, வாகனம் என்று எங்கு பார்த்தாலும் இந்தத் தட்டு உண்டு. தினமும் காலையில் புதிதாக வைக்கிறார்கள்.

கடலுக்குள் போகப் போக வலப்பக்கத்தில் வானம் சிவந்தது. பின்னால் திரும்பினால் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீல நிறத்தில் நின்றன. இதுவரை எல்லாம் அழகு. அதன் பிறகு நடந்ததை அழகு என்று என்னால் எழுத முடியாது.

நாற்பதுக்கு மேற்பட்ட தோணிகளை எண்ணினேன். எல்லாம் எங்களைப் போல் வந்தவைதான். தூரத்தில் ஒரு முதுகுத் துடுப்பு தெரிந்ததும் அத்தனை தோணிகளும் எஞ்சினை முறுக்கிக்கொண்டு அந்தத் திசைக்குப் பாய்ந்தன. கூட்டம் நெருங்கியதும் டொல்பின்கள் ஆழத்துக்குப் போய்விட்டன. ஐந்து நிமிடம் கழித்து வேறொரு பக்கம் தலைகாட்டின. திரும்பவும் துரத்தல். மண்ணெண்ணெய் வாடையும் புகையும் சத்தமும். கிழக்குக் கரை மீனவர்கள் ஓங்கில் என்று சொல்லும் மீன் இதுதான் (மீன் என்பது பேச்சுக்கு, அது குட்டி ஈன்று பாலூட்டும் விலங்கு). லொவினாவில் அதிகம் காணப்படுவது உடலைச் சுழற்றிக்கொண்டு துள்ளும் வகை. நம் நாட்டில் கற்பிட்டிக் கடலிலும் அதே வகையைப் பார்க்கலாம். இவை இரவில் ஆழ்கடலில் இரை தேடும். பகலில் கரைக்குச் சற்றுக் கிட்டவாக வந்து ஓய்வெடுக்கும். அதாவது இரவு வேலை முடித்துத் தூங்கப் போகும் ஒருவரின் வீட்டுக்கு முன்னால் நாற்பது பேர் எஞ்சினை முறுக்கிக்கொண்டு நிற்பது போலத்தான் அது.

மூன்றாவது துரத்தலில் வாப்பா காக்காவின் தோளைத் தட்டினார். “மகன், அந்த எஞ்சின நிப்பாட்டச் சொல்லு. போதும்.”

காக்கா மலாயில் சொன்னார். தோணிக்காரர் நம்பாமல் திரும்பிப் பார்த்தார். டொல்பினைக் காட்டாவிட்டால் நாங்கள் கரையில் சண்டை பிடிப்போம் என்று நினைத்திருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. மீன்பிடித் தொழிலில் இருந்தவர்களுக்கு விடியற்காலை இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும் நிச்சயமான வருமானம் இது. வந்தவர்கள் கேட்பதால்தான் அவர்கள் துரத்துகிறார்கள். காசைக் குறைக்க மாட்டோம் என்று காக்கா இரண்டாம் முறை சொன்ன பிறகே எஞ்சின் நின்றது.

தோணி சும்மா ஆடிக்கொண்டிருந்தது. சத்தம் எல்லாம் தூரத்தில் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் “புஸ்” என்று மூச்சு விடும் ஒலி கேட்டது. எங்களிடமிருந்து ஒரு வகுப்பறை நீளத்துக்கு அப்பால் நாலைந்து முதுகுகள் நிதானமாக எழுந்து தாழ்ந்து போயின. அவற்றில் ஒன்று மிகச் சிறியது. பெரியதோடு ஒட்டிக்கொண்டே போனது. ஒன்றும் துள்ளவில்லை. சுழலவில்லை. நான் எடுத்த படத்தில் தண்ணீர் மட்டும்தான் இருக்கிறது. கரைக்கு வந்தபோது மற்றவர்களின் கைபேசிகளில் துள்ளும் படங்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

காலைச் சாப்பாட்டுக்குச் சோறும், பச்சை வெங்காயமும் மிளகாயும் எலுமிச்சைப் புல்லும் நறுக்கித் தேங்காயெண்ணெய் ஊற்றிய சம்பலும். அந்தப் பேரே நம்முடையது போலத்தான். சம்பல், தொதல், சாரன், றம்புட்டான் என்று நாம் வீட்டில் சொல்லும் எத்தனையோ சொற்கள் மலாய் மொழி பேசுவோரோடும் நமக்கு உறவாகின்றன. ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டும் படைவீரராகவும் வந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்று நம்மிடையே வாழும் மலாய் மக்கள். தட்டிலிருந்த சம்பலை உம்மா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். தேங்காய்ப்பூ இல்லாத குறை மட்டும் சொன்னார்.

சிங்கராஜா நகரைத் தாண்டி மலையேறினால் கிட்கிட் அருவி வருகிறது. ஏறத்தாழ 35 மீற்றர் உயரம். நம் தியலும 220 மீற்றர் என்று நான் பெருமை பேசினேன்; யாரும் காதில் வாங்கவில்லை. பாதையின் இருபுறமும் பாயில் கராம்பு காயப்போட்டிருந்தார்கள். அந்த வாசம்தான் எனக்கு அருவியைவிட நினைவில் நிற்கிறது.

கிட்கிட்டுக்குக் கிட்ட இருந்த ஓர் ஊரைப் பற்றிச் சாரதி சொன்னதும் உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பாலி இந்து. அந்த ஊரின் பெயர் பெகயாமான். பலநூறு ஆண்டுகளாக முஸ்லிம்கள் வாழும் ஊர். பாலியில் பிள்ளைகளுக்குப் பிறந்த வரிசைப்படி பெயர் உண்டு. முதற்பிள்ளை வாயான், இரண்டாவது மாடே அல்லது நெங்ஙா, மூன்றாவது ஞோமான், நான்காவது கெத்துட். ஐந்தாவது பிறந்தால் மீண்டும் வாயான். பெகயாமான் முஸ்லிம்களும் அதே வரிசைப் பெயரை வைத்து, பக்கத்தில் முஹம்மத் என்றோ அப்துல்லாஹ் என்றோ சேர்த்துக்கொள்கிறார்களாம். மீலாத் காலத்தில் முட்டைகளாலும் பூக்களாலும் கோபுரம் போல் அலங்கரித்து ஊர்வலம் போவார்கள். புர்தா ஓதுவார்கள். பெருநாட்களில் இந்து வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் சாப்பாடு போய்வரும். பாலி முஸ்லிம்களை இந்துக்கள் “ஞாமா செலாம்” என்று அழைப்பார்கள் என்றார் சாரதி. ஞாமா என்றால் உடன்பிறப்பு, உறவு.

“நம்மட ஊரிலயும் நோன்புக் கஞ்சி அடுத்த வளவுக்குப் போனதுதான். நான் சின்னப் பிள்ளையா இருக்கக்க” என்றார் உம்மா. அதற்குமேல் சொல்லவில்லை. எங்கள் மாகாணத்தில் அந்தக் கஞ்சி ஏன் நின்றது என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெடுகுல் என்ற இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியாக் குளிர் இல்லாவிட்டாலும் சால்வை தேவைப்பட்டது. பெராத்தான் ஏரியின் ஓரத்தில் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய உலுன் டானு கோயில், தண்ணீரில் மிதப்பது போல் நிற்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினொரு கூரைகள் கொண்ட கோபுரம். ஒருகாலத்தில் இந்தோனேசியாவின் 50,000 ரூபியா நோட்டில் இருந்த படம் இதுதான். அதே வளவில் ஒரு சிறிய பௌத்தத் தூபியும் இருக்கிறது. உள்முற்றங்கள் வழிபடுவோருக்கு மட்டும். நம்மைப் போன்றவர்கள் வெளியே பூந்தோட்டத்தில் நின்று பார்க்கலாம். இது தெரிந்ததும் உம்மாவே வேனை விட்டு இறங்கினார். கறுப்பு அபாயாவோடு மதில் ஓரமாய் நின்று நெடுநேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் மலைப்பக்கமிருந்து பாங்கு கேட்டது. திரும்பினோம். வீதிக்கு மறுபுறம் மேட்டில் ஒரு பள்ளிவாசல். அல் ஹிதாயா என்று பெயர். கோயிலிலிருந்து பார்த்தால் பள்ளி தெரியும், பள்ளியிலிருந்து பார்த்தால் ஏரி தெரியும்.

வாப்பாவும் காக்காவும் லுஹர் தொழப் புறப்பட்டார்கள். உம்மா வழக்கம்போல, “நீங்க போய் வாங்க, நாங்க வேனுக்குள்ள தொழுதுக்கிறம்” என்றார். எங்கள் ஊரில் பெண்கள் பள்ளிக்குப் போவது வழக்கமில்லை. உம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒருநாளும் பள்ளிக்குள் கால் வைத்ததில்லை. காக்கா ஒன்றும் பேசாமல் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். பெண்களுக்குத் தனி வாசல், தனியாக வுளூச் செய்யும் இடம். அலுமாரியில் மடித்து அடுக்கிய வெள்ளைத் தொழுகை உடைகள். யாரும் எடுத்து உடுத்தித் தொழுதுவிட்டுத் திரும்ப வைக்கலாம். அங்கிருந்த ஒரு பெண்மணி உம்மாவுக்கு அந்த உடையைத் தலைவழியே போட்டுவிட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை, ஸலாத்தைத் தவிர.

பயணத் தொழுகை சுருக்கம்தான். ஆனால் உம்மா முடித்த பிறகும் எழவில்லை. ஜன்னலுக்கு வெளியே கீழே ஏரி பளபளத்தது. ஏன் அழுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வேனில் ஏறிய பிறகு அவராகவே சொன்னார்: “உங்கட மூத்தம்மாவுக்கு இது கிடைக்கல்ல.”

இனி வாப்பாவின் கதை. பெடுகுலில் இருந்து தெற்கே இறங்கும் வழியில் படிப்படியாக வயல்கள். வாப்பா வேனை நிறுத்தச் சொன்னார். எங்கள் வயல் சம்மாந்துறைப் பக்கம், சேனாநாயக்க சமுத்திரத்துத் தண்ணீர் வரும் வாய்க்காலின் கடைசியில். வாப்பா ஒன்பது வருடம் வட்டவிதானையாக இருந்தவர். போன சிறுபோகத்தில் மேல்பக்கத்தார் இரவில் வக்கடையை அடைத்ததால் கடைசி வயல்கள் காய்ந்தன. அந்தச் சண்டையில் விதானைப் பொறுப்பை விட்டவர், இனி எந்தக் கூட்டத்துக்கும் போகமாட்டேன் என்று சொல்லியிருந்தார்.

வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு மரக்கட்டை கிடந்தது. அதில் அகலமும் ஒடுக்கமுமாகச் சதுரப் பள்ளங்கள் வெட்டியிருந்தன. ஒவ்வொரு பள்ளத்தின் வழியாகவும் தண்ணீர் ஒரே மட்டத்தில் வழிந்து வெவ்வேறு கிளைக்குப் போனது. இதற்குத் தெமுக்கு என்று பெயர். எவருக்கு எத்தனை பங்கு வயலோ அந்த அளவுக்குப் பள்ளத்தின் அகலம். காவலுக்கு ஆள் வேண்டாம். பள்ளத்தில் கல் வைத்தால் போகிற வருகிற எல்லோர் கண்ணிலும் படும். உழவர்களின் இந்த நீர்ச் சங்கத்துக்குச் சுபக் என்று பெயர், தலைவர் பெக்காசே. எப்போது விதைப்பது, எப்போது நிலத்தைச் சும்மா விடுவது என்பதையெல்லாம் அந்தந்த நீர்க் கோயிலில் கூடி முடிவு செய்வார்கள். நாங்கள் காலையில் பார்த்த ஏரிக் கோயிலும் அப்படியான ஒன்றுதான். 2012இல் யுனெஸ்கோ இந்த முறையை உலக மரபுரிமையாக ஏற்றது.

“மேல்பக்கத்தான் ஏன் கீழ்பக்கத்தானுக்குத் தண்ணி விடுறான்?” என்று வாப்பா சாரதியைக் கேட்டார். அவருடைய தகப்பனும் சுபக் உறுப்பினர். அவர் சொன்ன பதிலைக் காக்கா மொழிபெயர்த்தார்: எல்லோரும் ஒரே நேரத்தில் விதைத்து, ஒரே நேரத்தில் அறுத்தால்தான் பூச்சிக்கு இரை இல்லாமல் போகும். கீழே இருப்பவன் தண்ணீருக்குக் காத்திருந்து பிந்தி விதைத்தால், பூச்சி அங்கே பெருகி மேலே வரும்.

ஊருக்கு வந்த பிறகு இதைப் பற்றித் தேடி வாசித்தேன். 1970களில் அரசாங்கம் புதிய நெல் இனங்களைக் கொடுத்து, கோயில் கணக்கைப் பார்க்காமல் முடிந்த அளவு தொடர்ந்து பயிரிடச் சொன்னது. கபிலநிறத் தத்தி பெருகி விளைச்சல் அழிந்தது. பிறகு ஸ்டீவன் லான்சிங் என்ற மானிடவியலாளர் ஆராய்ந்து, பழைய நீர்க்கணக்கில் காரணம் இருந்ததைக் காட்டினார். இதை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டியபோது, “தத்திக்கு வரம்பு தெரியாதுதானே” என்றார்.

ஒக்டோபரில் பெரும்போக ஆரம்பக் கூட்டம் வந்தது. காலையில் வாப்பா என் கணிதக் கொப்பியில் ஒரு தாள் கேட்டார். அடிமட்டம் வைத்து அந்தக் கட்டையை வரையச் சொன்னார். பள்ளங்களின் அகலத்தை அவரே சொன்னார். தாளை நான்காக மடித்துச் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனார்.

லுஹருக்குப் பிறகுதான் வந்தார். என்ன நடந்தது என்று உம்மா கேட்டார். மரக்கட்டை நம் வெயிலுக்கு உக்கிப்போகும், கொங்கிறீற்றில்தான் போட வேண்டும் என்று மேல்பக்கத்து ஆள் ஒருவர் சொன்னாராம். யாருக்கு எத்தனை அங்குலம் என்பதில் பேச்சு இழுபட்டு, ஒன்றும் முடிவாகவில்லையாம். அடுத்த வெள்ளி அஸருக்குப் பிறகு திரும்பவும் கூடுகிறார்கள்.

“தாள் எங்க வாப்பா?” என்று கேட்டேன்.

“அவன் பாக்கணும் எண்டு கேட்டான், குடுத்திட்டன். இன்னொண்டு வரைஞ்சு தா மகள்.”