மேற்குச் சுவர்



நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் நாள்தோறும் இரண்டாம் பாடவேளைக்குள் மேசைமீது தலைசாய்த்து உறங்கிவிடுவான். இரவெல்லாம் கைத்தொலைபேசியும் கையுமாக விழித்திருக்கிறான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, வகுப்பினர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். பின்னர் ஒரு நாள் அவன் வீட்டிற்குச் சென்றேன். பழைய மலிவு விலை அடுக்குமாடி, ஒன்பதாவது மாடி. அவன் தாயார் வேலை முடிந்து திரும்பும் நேரமே இரவு ஒன்பது மணிதான்.

“ரூம்பு சுவரைத் தொட்டுப் பாருங்க ஐயா” என்றார் அந்த அம்மையார்.

தொட்டேன். கதிரவன் மறைந்து நெடுநேரமாகியும் சுவர் சூடாகவே இருந்தது. மின்விசிறி அந்தச் சூட்டையே சுழற்றிச் சுழற்றி வீசிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அம்மாணவனைப் பற்றிப் புகார் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அச்சுவர் மேற்கு நோக்கியது. நம் நாடு நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருப்பதால் நண்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்கும். வடக்கு, தெற்குச் சுவர்களில் அது அதிகம் படுவதில்லை. பிற்பகல் வெயிலோ சாய்ந்து வந்து மேற்குச் சுவரில் நேராக அறைகிறது. செங்கல்லும் கற்காரையும் அவ்வெப்பத்தை உள்வாங்கிச் சில மணி நேரம் கழித்தே வெளிவிடும். அதாவது, பிள்ளைகள் படுக்கும் வேளையில்.

நான் வளர்ந்த தோட்டத்து லயத்து வீட்டைப் புகழ எனக்கு மனமில்லை. மழை ஒழுகும், கழிப்பறைக்கு வெளியே ஓட வேண்டும், நண்பகலில் தகரக் கூரையின் கீழ் உட்கார இயலாது. ஆனால், பலகையும் தகரமும் வெப்பத்தைச் சேமித்து வைப்பதில்லை. பொழுது சாய்ந்ததும் வீடு குளிர்ந்துவிடும். முன்வாசலில் நுழைந்த காற்று பின்வாசல் வழியே போய்விடும். மலாய்க் கம்பத்து வீடுகள் இதனினும் நுட்பமானவை. தூண்களின்மேல் உயர்ந்த தளம், அத்தாப்புக் கூரை, தரையளவு நீண்ட சன்னல்கள், சுவரின் மேற்பகுதியில் காற்று புகும் துளைகள். அவற்றைக் கட்டியோர் கட்டடக்கலைக் கல்லூரிக்குச் சென்றவர்கள் அல்லர்.

சட்டத்தில் காற்றுக்கு இடமில்லையா என்றால், உண்டு. 1984ஆம் ஆண்டின் சீரான கட்டடத் துணைவிதிகளின்படி, வசிக்கும் அறையின் சன்னல் பரப்பு தரைப்பரப்பில் 10 விழுக்காட்டிற்குக் குறையக்கூடாது. காற்று தடையின்றிப் புகும் திறப்பு 5 விழுக்காடேனும் வேண்டும். அந்த வீட்டிலும் சன்னல்கள் இருந்தன, எல்லாம் ஒரே சுவரில். எதிர்ப்புறம் இருப்பது நடைபாதையைப் பார்த்த வாசற்கதவு. திருட்டுக்கு அஞ்சி இரவில் அதைச் சாத்திவிடுகிறார்கள். வெளியேற வழியில்லாத வீட்டிற்குள் காற்று எப்படி நுழையும்? கதவுக்கு மேலே கம்பியிட்ட ஒரு காற்றுக்கண் வைத்திருந்தால் பாதுகாப்பும் கெடாது, காற்றும் போகும்.

“ஏர்கோன் போட்டுவிடலாமே” என்று சக ஆசிரியர் ஒருவர் சொன்னார். கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு குதிரைத்திறன் கொண்ட பழைய குளிரூட்டி இரவு முழுதும் ஓடினால் சுமார் 5 யூனிட், மாதத்திற்கு 150. தீபகற்பத்தில் 2025 ஜூலைக்கு முன்பிருந்த கட்டணப்படி முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் ஒன்றுக்கு 21.8 சென், அடுத்த 100க்கு 33.4 சென், அதற்கடுத்த படியில் 51.6 சென். ஏற்கெனவே 200 யூனிட் எரிக்கும் குடும்பத்தின் கட்டணம் 43 ரிங்கிட் 60 சென்னிலிருந்து 102 ரிங்கிட் 80 சென்னுக்கு ஏறியிருக்கும். கோலாலம்பூரில் மக்கள் வீடமைப்புத் திட்ட வீட்டிற்கு நெடுங்காலமாக இருந்த மாத வாடகையே 124 ரிங்கிட்தான்! உறங்குவதற்காக மட்டும் அந்த வாடகையில் ஏறக்குறைய பாதியைக் கூடுதலாகக் கட்ட வேண்டுமென்றால், அதை மலிவு வீடு என்று எப்படி அழைப்பது?

1980களில் மலிவு வீட்டின் உச்ச விலை 25,000 ரிங்கிட் என்று வரையறுத்தார்கள். 1998இல் இடத்திற்கேற்ப 42,000 வரை உயர்த்தினார்கள். ஏழைகளுக்கு அது பேருதவியே, மறுப்பதற்கில்லை. எனினும், அது சாவி வாங்கும் நாளின் விலை. அதன்பின் முப்பது ஆண்டுகள் அங்கே குடியிருப்பதற்கு ஆகும் செலவை யாரும் விலையில் சேர்க்கவில்லை.

இத்தனைக்கும் தீர்வு பெருஞ்செலவில் இல்லை. கட்டடத்தின் நீண்ட பக்கங்களை வடக்கு தெற்காக நிறுத்துவதற்கு ஒரு செங்கல்கூடக் கூடுதலாக வேண்டாம். நிலத்தின் வடிவம் அதற்கு இடங்கொடாவிட்டால், மேற்குப் பக்கத்தில் படிக்கட்டையும் குளியலறையையும் துணி உலர்த்தும் இடத்தையும் வைக்கலாம்; வெயில் அவற்றைச் சுட்டுவிட்டுப் போகட்டும். சுவருக்கு வெள்ளை வண்ணம் பூசினாலும் ஓரளவு வெப்பம் குறையும். சூரியத் தகடுகளைப் பற்றியே பேசும் நண்பர்கள் இவற்றை ஏனோ ஆற்றல் சேமிப்பாகக் கருதுவதில்லை.

குடியேறிய பிறகு செய்யக்கூடியவை மிகக் குறைவு. சன்னலுக்கு வெளியே மூங்கில் திரை தொங்கவிடலாம் என்று நானே யோசனை சொன்னேன். உள்ளே தொங்கும் திரைச்சீலையைத் தொடும்போதே வெப்பம் வீட்டிற்குள் வந்துவிட்டதல்லவா? ஆனால் குடியிருப்பு நிருவாகம் இசையவில்லை. ஒன்பதாவது மாடியிலிருந்து கழன்று விழுந்தால் கீழே நடப்பவரின் கதி என்ன என்று கேட்டார்கள். நியாயந்தான்.

மாணவனிடம் வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது வெட்கமாகப் போயிற்று. இப்போது அவன் கூடத்தில் வாசலருகே படுக்கிறான். மரக்கதவைத் திறந்து வைத்து, இரும்புக் கம்பிக்கதவை மட்டும் பூட்டிக்கொள்கிறார்கள். வகுப்பில் உறக்கம் குறைந்திருக்கிறது. நடைபாதையில் காலடி ஓசை கேட்கும்போதெல்லாம் அவன் தாயார்தான் விழித்துக்கொள்கிறாராம்.