ஓப்பனிங் பேலன்ஸ்

போன வாரம் கேன்டீன்ல ஒரு சண்டை. பெரிய சண்டை இல்லைங்க, டீ ஆறிப்போற அளவுக்கு ஒரு வாக்குவாதம். அமெரிக்காவுல கறுப்பின மக்களுக்கு நடந்த அநியாயத்தைப் பத்திப் பேச்சு வந்தது. "அடிமை முறை 1865-லயே ஒழிஞ்சாச்சு. இப்ப சட்டமும் எல்லாருக்கும் ஒண்ணுதான். இன்னும் எதுக்குப் பழைய கதை?"ன்னு ஒருத்தன் கேட்டான். அந்த அறிவாளி வேற யாரும் இல்ல, நான்தான் :-)

எதிர்ல இருந்த தோழி கேட்டா: "நீ பி.காம் தானே? போன வருஷக் கணக்கை முடிச்சுட்டா, இந்த வருஷக் கணக்கைப் பூஜ்யத்துல இருந்தா ஆரம்பிப்ப?"

பதில் இல்ல. அன்னிக்கு ராத்திரி உக்காந்து படிச்சதுல ரெண்டு விஷயம் மட்டும் இங்கே.

முதல் விஷயம் ஒரு பேங்க். விடுதலையான அடிமைகள் சேமிக்கறதுக்காக ஃப்ரீட்மன்ஸ் சேவிங்ஸ் பேங்க் தொடங்கற சட்டத்துல 1865 மார்ச்ல லிங்கன் கையெழுத்துப் போட்டார். அரசாங்க பேங்க்னு நம்பி ஜனங்க காசு காசா போட்டாங்க. ஆனா அந்தப் பணத்துக்கு அரசாங்கம் பொறுப்பில்ல. முதல்ல அரசுப் பத்திரங்கள்ல மட்டும்தான் முதலீடுன்னு விதி இருந்தது. 1870-ல அதைத் தளர்த்தினாங்க. நிர்வாகத்துல இருந்தவங்களுக்கு வேண்டிய கம்பெனிகளுக்கெல்லாம் கடன் போச்சு. 1873-ல பொருளாதார நெருக்கடி. மறுவருஷம் மார்ச்ல ஃப்ரெடரிக் டக்ளஸைத் தலைவர் ஆக்கினாங்க. அவரே ஒரு காலத்துல அடிமையா இருந்து தப்பிச்சவர். சொந்தப் பணம் 10,000 டாலர் கொடுத்துப் பார்த்தார். பயனில்லை. 1874 ஜூன்ல பேங்கை மூடினப்ப 61,000 பேருக்கு மேல, கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர் மாட்டிக்கிச்சு. சிலருக்குக் கொஞ்சம் திரும்பக் கிடைச்சது. நிறைய பேருக்கு ஒண்ணுமே இல்ல.

ரெண்டாவது ஒரு மேப். 1930-கள்ல ஒரு அரசு நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, பச்சை, நீலம், மஞ்சள், சிவப்புன்னு கலர் அடிச்சது. சிவப்புன்னா 'கடன் கொடுத்தா ஆபத்து'. கறுப்பின மக்கள் இருந்த தெருக்கள் பெரும்பாலும் சிவப்பு. 1934-ல வந்த இன்னொரு அரசு அமைப்பு வீட்டுக் கடனுக்குக் காப்பீடு கொடுத்தது. அந்தக் காப்பீடு இருந்தா குறைஞ்ச வட்டி, நீண்ட தவணை. அதுவும் கறுப்பினப் பகுதிகளை ஒதுக்கிடுச்சு. நல்ல சம்பளம் வாங்கறவரா இருந்தாலும், தெரு சரியில்லைன்னா கடன் இல்ல! இந்தப் பாகுபாட்டைத் தடை செய்யற சட்டம் வர 1968 ஆச்சு.

இதைப் படிச்சப்பதான் எனக்கு எங்க வீடு ஞாபகம் வந்தது. ரெண்டு ரூம், மேல ஓடு. அந்தப் பத்திரத்தை அடமானம் வெச்சுத்தான் அப்பா எனக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினார். தாத்தா காலத்துல அந்த மனையை வாங்க விடாம யாராவது தடுத்திருந்தா? நான் இன்னிக்குக் கேன்டீன்ல உக்காந்து 'பழைய கதை' பேசியிருக்க முடியாது. சட்டம் எனக்கும் சமமாத்தான் இருந்திருக்கும், ஆனா அடமானம் வைக்க என்ன இருந்திருக்கும்?

1968-ல சட்டம் கதவைத் திறந்தது உண்மை. ஆனா வாங்க முடியாமப் போன வீட்டை அது வாங்கிக் கொடுக்கல. 2022-ல அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்குப்படி, நடுத்தர வெள்ளைக் குடும்பத்தோட சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு சுமார் 44,900. ஆறு மடங்குக்கு மேல வித்தியாசம். இதுக்கு வேற காரணங்களும் உண்டு. ஆனா இந்த ரெண்டு கதையையும் விட்டுட்டு அந்தக் கணக்கு டேலி ஆகாது.

முதல் வருஷத்துலயே வாத்தியார் சொல்லிக் கொடுத்ததுதான். வருஷம் முடிஞ்சா லாப நட்டக் கணக்கு முடிஞ்சுடும். சொத்தும் கடனும் முடியாது, அடுத்த வருஷத்துக்கு அப்படியே வந்து உக்காரும். பரீட்சையில அதுக்கு முழு மார்க் வாங்கினவன்தான் நான். ஒரு நாட்டோட வரலாறுக்கும் அதே விதின்னு மட்டும் தோணல.

நாளைக்கு அவளுக்கு ஒரு டீ வாங்கித் தரணும். சூடா.