மஞ்சள், பூட்டு, சாவி

அடிபட்டால் மஞ்சள் பற்று, சளி பிடித்தால் மஞ்சள் போட்ட பால். தமிழ் வீடுகளில் அஞ்சறைப் பெட்டிதான் முதல் டாக்டர். அந்த மஞ்சள் புற்றுநோயையும் எதிர்க்கும் என்று செய்தி வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

அப்படியொரு செய்தி மைசூரிலிருந்து வந்தது. மைசூர் பல்கலைக்கழகத்தில் பாரதி சாலிமத்தின் குழு, ஜெர்மன் விஞ்ஞானி டீட்டர் மார்மேயுடன் சேர்ந்து 2002ல் வெளியிட்ட ஆய்வு அது.

புற்றுக்கட்டிக்கும் தீனி வேண்டும். புது ரத்தக் குழாய்கள் வராவிட்டால் அது ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று அமெரிக்க மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971ல் சொன்னார். குழாய்களை வரவழைக்கக் கட்டி அனுப்பும் தூதுதான் விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி. ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களுக்கு மேற்பரப்பில் ஏற்பி என்ற பூட்டு உண்டு. இந்தச் சாவி அதில் பொருந்தியதும் உள்ளே கட்டளை பறக்கிறது. செல் பிரிகிறது, நகர்கிறது, புதுக் குழாய் முளைக்கிறது.

மைசூர் குழு கை வைத்தது இரண்டிலும். மஞ்சளில் உள்ள குர்குமினைச் சேர்த்ததும், எலியின் புற்று செல்களில் சாவியைத் தயாரிக்கும் ஜீனின் வேகம் குறைந்தது. மனிதத் தொப்புள்கொடியின் ரத்த நாளத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் பூட்டைத் தயாரிக்கும் ஜீனும் அடங்கியது.

நல்ல செய்திதான். ஆனால் ஆய்வுக்கூடத் தட்டு வேறு, உடம்பு வேறு. தட்டில் மருந்து நேராக செல் மீதே விழுகிறது. சமையல் மஞ்சளிலோ குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அதிலும் ரத்தத்தில் சேர்வது சொற்பம்; குடலும் கல்லீரலும் அதை வேகமாக உருமாற்றிவிடுகின்றன.

தட்டிலிருந்து நோயாளியின் படுக்கை வரை எவ்வளவு தூரம்? விஇஜிஎஃப் அடையாளம் காணப்பட்டது 1989ல். அந்தச் சாவியைப் பிடித்து வைக்கும் பெவசிசுமாப் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 2004ல். முற்றிய பெருங்குடல் புற்றுநோய் கொண்ட 800க்கும் மேற்பட்டவர்களிடம் கீமோதெரபியோடு சோதித்ததில், சராசரி ஆயுள் கூடியது சுமார் 5 மாதம். பதினைந்து வருட உழைப்புக்குக் கிடைத்த பலன் அது.

நோயாளியைப் பார்க்க வரும் உறவினர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அன்பில்தான் சொல்கிறார்கள். "கீமோ எதற்கு, மஞ்சள் போதுமே" என்பதும் அந்த அன்பில் வருவதுதான். ஆனால் அதற்கு மைசூர் ஆய்வு சாட்சி சொல்லாது. ரசத்தில் மஞ்சள் தாராளமாக இருக்கட்டும். குர்குமின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் மறைக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய தேதியை மட்டும் மஞ்சளை நம்பித் தள்ளிப்போடக் கூடாது.