பூக்களின் பள்ளத்தாக்குக்கு மழையில்தான் போக வேண்டும்

உத்தராகண்டில் உள்ள பூக்களின் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆண்டில் ஐந்து மாதம்தான் திறந்திருக்கும், ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை. அதில் எந்த மாதம் போவது என்று அக்காவும் நானும் பேசிக்கொண்டே இருந்தோம். ஜூனில் பாதையில் பழைய பனி இன்னும் கரையாமல் கிடக்கும், செடிகள் அப்போதுதான் தலைகாட்டும். செப்டம்பர் பாதிக்கு மேல் வானம் தெளியும், ஆனால் பூக்கள் பெரும்பாலும் விதையாகியிருக்கும். பள்ளத்தாக்கு முழுக்கப் பூத்து நிற்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. இமயமலைச் சாலைகளில் மண் சரிவதும் அதே வாரங்களில்தான்.

"ஏன்டா, வேற மாசமே இல்லையா?" என்றாள் அக்கா.

இல்லை. அந்த மழையில்தான் அந்தப் பூக்கள் பூக்கின்றன. மழை பெய்யும், சாலை அடைபடும் என்று முதலிலேயே வைத்துக்கொண்டு நாட்களைப் பிரிக்க உட்கார்ந்தோம். ஆகஸ்ட் முதல் பாதி என்று முடிவாயிற்று.

சென்னையிலிருந்து டெல்லி வழியாக ஹரித்வார் வரை ரயில். அதன் பிறகுதான் கணக்கு மாறுகிறது. ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கி.மீ. சமவெளியில் அரை நாள் தூரம், மலையில் ஒரு முழுப் பகல். பேருந்துகளும் ஷேர் ஜீப்புகளும் விடியற்காலையிலேயே கிளம்பிவிடுகின்றன. தேவப்பிரயாகை தொடங்கி விஷ்ணுப்பிரயாகை வரை ஐந்து நதிக்கூடல்களும் இந்தச் சாலையில்தான் வருகின்றன. தேவப்பிரயாகை, பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். பாகீரதியும் அலக்நந்தாவும் சேர்ந்து கங்கை என்று பெயர் பெறும் இடம். மழைக்காலத்தில் அலக்நந்தா கலங்கிப் பாய்கிறது. அதைப் பார்த்தாலே மேலே மலை எவ்வளவு கரைந்துகொண்டிருக்கிறது என்பது புரிந்துவிடும்.

போகும்போதும் திரும்பும்போதும் எந்த ஊரும் எழுதாத வெற்று நாட்களைத் திட்டத்தில் விட்டிருந்தோம். பீப்பல்கோட்டியை நெருங்கும்போது அவை வேலைக்கு வந்தன. மேலே சரிவு, சாலை அடைத்துவிட்டது. ஜேசிபி மண்ணை அள்ள அள்ள மேலிருந்து கல் உருண்டுகொண்டே இருக்கிறது என்று எதிரே வந்த ஓட்டுநர்கள் சொன்னார்கள். அங்கேயே ஒரு விடுதியில் தங்கிவிட்டோம். எங்கள் ஜீப்பில் வந்த ஒரு குடும்பத்துக்குத் திரும்பும் ரயில் நெருங்கியிருந்தது. குழந்தைகளோடு அவர்கள் அங்கிருந்தே கீழே இறங்கிப் போனார்கள். அத்தனை தூரம் வந்தும் ஒரு பூவைக்கூடப் பார்க்காமல் அவர்கள் திரும்பியது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஜோஷிமட்டைத் தாண்டினால் கோவிந்த்காட். அங்கிருந்து புல்னா வரை ஜீப் போகிறது. பிறகு லக்ஷ்மண் கங்கையை ஒட்டிச் சுமார் 10 கி.மீ. ஏற்றம். நடக்க முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதை உண்டு, முதுகுக் கூடையில் ஆளையே சுமந்து ஏறுகிறவர்களும் உண்டு. வழியெல்லாம் சீக்கிய யாத்ரீகர்கள் "வாஹே குரு" என்று சொல்லிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். புயுந்தார் கிராமத்தருகே ஒரு தேநீர்க் கடைக்காரர் ஆற்றைக் காட்டி 2013 ஜூன் வெள்ளத்தைப் பற்றிப் பேசினார். பாலத்தையும் பாதையையும் வீடுகளையும் அடித்துச் சென்ற வெள்ளம் அது. கிளம்பும்போது அக்காவிடம், "தீதி, மெதுவா போங்க, மலை எங்கயும் போயிடாது" என்றார். அவர் சொன்னபடியே நடந்தோம், இருட்டுமுன் கங்காரியா சேர்ந்துவிட்டோம்.

கங்காரியா சுமார் 3,050 மீட்டர் உயரம். இங்கிருந்து இரண்டு பாதைகள் பிரிகின்றன. ஒன்று பள்ளத்தாக்குக்கு, மற்றொன்று 4,300 மீட்டருக்கு மேலே ஏரிக்கரையில் இருக்கும் ஹேம்குண்ட் சாஹிப் குருத்வாராவுக்கு. எதை முதலில் வைப்பது என்பது முக்கியம். 2,500 மீட்டரைத் தாண்டினாலே சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரும். காற்று மெலிந்திருப்பதற்கு உடம்பு பழகச் சில நாட்கள் பிடிக்கும். அதனால் ஏற்றம் குறைந்த பள்ளத்தாக்கை முதலிலும், ஆறு கி.மீ.யில் ஆயிரம் மீட்டருக்கு மேல் செங்குத்தாக ஏறும் ஹேம்குண்டைப் பிறகும் வைத்தோம். உடம்பு முடியாதென்றால் இறங்கிவிட வேண்டும், வீம்பு கூடாது என்று அக்காவோடு ஊரிலேயே பேசி வைத்திருந்தேன்.

சாமான்களில் மழைக்குத்தான் முதல் இடம். முட்டிக்குக் கீழே இறங்கும் மழை அங்கி, ஊரிலேயே சில வாரம் போட்டுப் பழக்கிய ஷூ, ஊன்றுகோல், ஈரம் சீக்கிரம் காயும் துணி. பருத்தி வேண்டாம், நனைந்தால் காயாது, குளிர் உடம்பில் இறங்கிவிடும். பைக்குள் ஒவ்வொன்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் கட்டினோம். கையில் ரொக்கமும் தேவை.

பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதியில்லை, மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அதனால் சோதனைச் சாவடி திறந்ததுமே சீட்டு வாங்கி நுழைந்தோம். புஷ்பாவதி ஆற்றுப் பாலத்தைக் கடந்து, பூர்ஜ மரங்களுக்கு நடுவே ஏறி, ஒரு திருப்பத்தில் பள்ளத்தாக்கு திறந்தது. தூறல் நிற்கவில்லை. இடுப்பளவு உயரத்துக்கு இளஞ்சிவப்புக் காசித்தும்பை, அதன் ஊடே ஊதாவும் மஞ்சளும் வெள்ளையுமாக எனக்குப் பெயர் தெரியாத எத்தனையோ. பாறை இடுக்கில் முள் நிறைந்த தண்டோடு நீல பாப்பி ஒன்று நின்றது. 500க்கும் மேற்பட்ட பூக்கும் செடி வகைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. மேகம் விலகியபோது பனிச் சிகரங்கள் தெரிந்தன, சில நிமிடங்களில் மறுபடி மூடிக்கொண்டன. அக்கா குடையை மடக்கிவிட்டு நனைந்தபடியே நடந்தாள்.

1931இல் காமெட் சிகரத்தில் ஏறிவிட்டுத் திரும்பிய ஃபிராங்க் ஸ்மைத்தும் நண்பர்களும் மழைக்கு ஒதுங்கி இந்தப் பக்கம் இறங்கியபோதுதான் வெளியுலகம் இதை அறிந்தது. ஸ்மைத் 1937இல் மறுபடி வந்து தங்கி, மறு ஆண்டு ஒரு புத்தகம் எழுதினார். 1939இல் செடிகள் சேகரிக்க வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண்மணி பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து இறந்தார். அவர் கல்லறை பள்ளத்தாக்குக்குள்ளேயே இருக்கிறது. அங்குள்ள நினைவுக் கல் அவருடைய சகோதரி அமைத்தது. அந்தக் கல்லின் முன் நின்றபோது, ஈரப் பாறையில் வைக்கும் ஒவ்வொரு அடியும் கவனமாக இருக்க வேண்டும் என்று மனதுக்குப் பட்டது.

வெளியுலகத்துக்கு முன்பே கீழ்க் கிராமத்து இடையர்கள் இங்கே ஆடு மேய்த்திருக்கிறார்கள். 1982இல் தேசியப் பூங்காவானதும் மேய்ச்சல் நின்றது. பிறகு ஆளுயரத்துக்கு வளரும் ஒரு செடி பரவி மற்றப் பூக்களை அமுக்கத் தொடங்கியது. வனத்துறை அதை ஆண்டுதோறும் ஆள் வைத்துப் பிடுங்குகிறது. ஆடுகள் இருந்தவரை இது இப்படி மண்டவில்லை என்கிறார்கள் ஊர்க்காரர்கள். தலைமுறைகளாக அந்த மண்ணில் நடந்தவர்களின் பேச்சை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களத்தில் சேர்க்கப்பட்ட இடம் இது. பாதையை விட்டு இறங்காமல், கொண்டுபோன உறைகளைத் திருப்பிக் கொண்டுவருவதாவது நம் கையில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ரயிலுக்கும் விடுதிக்கும் பதிவு செய்வதற்கு முன், அலுவலகத்தில் கூடுதல் விடுப்பு கேளுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த ஆகஸ்டுக்குத் தள்ளி வையுங்கள். நாள் கையில் இருந்தால் அடைபட்ட சாலையருகே நிம்மதியாகக் காத்திருக்கலாம், தலை வலித்தால் தயங்காமல் இறங்கலாம், ஓட்டுநரை அவசரப்படுத்தாமல் இருக்கலாம். அந்த மலையில் மழைக்காலத்தில் உயிரைக் காப்பது அந்தக் கூடுதல் நாட்கள்தான்.