ஒற்று மிகும் இடங்கள்

மே 3

காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் பேத்தி வந்து இறங்கினாள். ஜூனில் ஏழாம் வகுப்பு. இந்த மாதம் முழுக்க இங்கேதான். ரயிலில் விளக்கை அணைப்பதற்குள் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’யை முடித்துவிட்டாளாம். கீழடியை வைத்துப் பிள்ளைகளுக்காக எழுதிய நாவல், 2023-ல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. எழுதியவர் கோவில்பட்டிக்காரர் என்றதும், “நம்ம ஊர்ப் பக்கமா?” என்று அட்டையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

“இதே மாதிரி பழைய காலத்துக் கதை இன்னொண்ணு குடுங்க தாத்தா. ராஜா வரணும்.”

அலமாரியில் ‘பார்த்திபன் கனவு’ இருந்தது. 1941-ல் கல்கி பத்திரிகை தொடங்கியபின் அதில் தொடராக வந்த கதை. பிள்ளைகளுக்கென்று எழுதியதில்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் சரித்திரக் கதை கேட்கிற பிள்ளை கையில் முதலில் வைப்பது இதைத்தான். ‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகத்தையும் கண்டு பிள்ளை மிரண்டுவிடக் கூடாதே. நான் இதைப் படித்ததும் இவள் வயதில்தான். எவ்வளவு புரிந்தது என்று யோசித்தால் பாதி தேறும். மீதியைக் குதிரை வேகத்தில் தாண்டிப் போயிருக்கிறேன்.

ஒப்பந்தம் இது: தினமும் இரண்டு மூன்று அத்தியாயம் அவள் சத்தமாக வாசிக்க வேண்டும். தெரியாத சொல்லைப் பழைய டைரி ஒன்றில் எழுத வேண்டும். பொருள் சொல்வது என் பாடு. நாற்பது வருஷம் தமிழில் கோப்பு எழுதிய ஆள் நான். என்ன பயம்?

மே 4

முதல் அத்தியாயத்தின் தலைப்பிலேயே வண்டி நின்றுவிட்டது. ‘தோணித்துறை.’

“தோனியா?”

மூன்று சுழி ‘ண’ என்று காட்டினேன். தோணி என்றால் படகு. தூத்துக்குடியிலிருந்து இன்றைக்கும் சரக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. அதை எழுதிக்கொண்டாள்.

“துறைன்னா டிபார்ட்மென்ட். படகு டிபார்ட்மென்ட்டா?”

சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். கல்வித்துறை, சுகாதாரத் துறை, பொதுப்பணித் துறை என்றே கேட்டு வளர்ந்த பிள்ளை அப்படித்தானே கேட்கும்? பொருள் சொல்லாமல் சாயங்காலம் குறுக்குத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆற்றுக்குள் பாறைமேல் முருகன் கோயில். வெள்ளம் வந்தால் முங்கிப்போகும், வடிந்ததும் சேற்றைக் கழுவித் திறப்பார்கள். கோடை என்பதால் தண்ணீர் கெண்டைக்கால் அளவுக்குத்தான் ஓடியது. படியில் இரண்டு பேர் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். கீழ்ப் படி ஒன்றின் நடுப்பகுதி தேய்ந்து, கிண்ணம்போல் குழிந்து கிடந்தது. அந்தக் குழியில் நின்ற தண்ணீரில் ஒரு மீன்குஞ்சு. “இப்படி ஆத்துக்குள்ள எறங்குத எடம்தான் துறை” என்றேன். சிந்துபூந்துறை, கருப்பந்துறை என்று இந்த ஆற்றங்கரையில் இன்னும் இருக்கின்றன.

“அப்போ சுகாதாரத் துறையிலயும் எறங்கிக் குளிக்கலாமா?”

இலாகாவுக்கு இந்தச் சொல் எப்படி வந்தது என்பதற்கு என் ஊகத்தைச் சொன்னேன். ஆற்றுக்குள் இறங்க ஒரு வழி, அறிவுக்குள் இறங்க ஒரு வழி, பிறகு வேலைக்குள் இறங்க ஒரு வழி. அவள் கேட்டமாதிரி தெரியவில்லை. மீன்குஞ்சைப் பிடிக்கப் பார்த்தாள்.

மே 6

இரண்டு நாளில் பதினேழு சொல். அதில் ஆறு எனக்கே அரைகுறை. அகராதி பார்க்கவேண்டியதாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி முன்பெல்லாம் நூலகத்தில் தடித்தடியாக ஆறு தொகுதி, இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 1,04,405 சொல் கொண்ட அந்த அகராதிக்கு 1926 முதல் 1936 வரை பதிப்பாசிரியராக இருந்து முடித்துக் கொடுத்தவர் வையாபுரிப் பிள்ளை. அவர் 1891-ல் பிறந்தது சிந்துபூந்துறையில். இதைச் சொன்னதும் அவளுக்கு உடனே ஒரு கணக்கு: “அவர் வீடு முந்தாநாள் போனமே, அதுக்குப் பக்கமா?” பக்கம்தான் என்றேன். அகராதிக்காரரே துறைக்காரர் என்பதில் அவளுக்கு ஏதோ திருப்தி.

மே 8

இன்று மாட்டிக்கொண்டது ‘ஒற்றர் தலைவன்’. ஒற்று அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொல். மேலே புள்ளி வைத்த எழுத்து. இலக்கணத்தில் ‘ஒற்று மிகும்’, ‘ஒற்று மிகாது’ என்று படித்திருக்கிறாள்.

“மெய்யெழுத்துக்கு ஒரு தலைவனா?”

ஒற்றன் என்றால் உளவாளி, ஒற்றுக் கேட்பவன் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு டைரியில் என்னவோ எழுதிவிட்டுத் தானே சிரித்தாள். எட்டிப் பார்த்தேன். ‘ஒற்று மிகும் இடங்கள்: 1. காஞ்சி 2. உறையூர் 3. மாமல்லபுரம்.’

தமிழ்ப் பரீட்சையில் இதை எழுதிவிடாதே என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

மே 9

வாசிக்கவில்லை. கரண்ட் இல்லை. புழுக்கம். மாங்காய்க்கு உப்பும் வற்றலும் இடித்துக் கொடுத்தாள் என் மனைவி. தின்றோம்.

மே 11

‘வாகை சூடினான்.’ இது கதையில் வந்ததா, டிவி செய்தியில் வந்ததா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஆனால் டைரியில் இருக்கிறது. டவுணில் வாகையடி முக்கைத் தாண்டித்தானே போய்வருகிறோம் என்றேன். அது ஏதோ பெயர், அதற்குப் பொருள் இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லையாம். உண்மையைச் சொன்னால் நானும் நினைத்ததில்லை. அறுபது வருஷமாக அந்த முக்கில் பஸ் ஏறியிருக்கிறேன், இறங்கியிருக்கிறேன். வாகைக்கு அடி என்று பிரித்துப் பார்த்தது இன்றைக்குத்தான். அங்கே வாகை மரம் எதையும் நான் கண்டதில்லை.

மரத்தை வேறு இடத்தில் காட்டினேன். கோடையில் தட்டைக் காய்கள் காய்ந்து வெளுத்துத் தொங்கும். காற்றடித்தால் உள்ளே விதைகள் கலகலவென்று சத்தம் போடும். ஜெயித்தவன் சூடியது இந்தக் காயை இல்லை, பூவை. பவுடர் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் என்றேன். அவளுக்குக் காய்தான் பிடித்தது. இரண்டு பறித்து ஆட்டிக்கொண்டே வந்தாள்.

வரும் வழியில் கூலக்கடை பஜார். “இங்க கூலி ஆட்கள் இருப்பாங்களா?” என்றாள். கூலம் என்றால் தானியம். சிலப்பதிகாரத்தில் வருகிற சொல் நெல்லையப்பர் கோயில் பக்கத்தில் கடைத்தெருவுக்குப் பெயராக நிற்கிறது. வேலைக்குத் தானியமாக அளந்து கொடுத்ததால்தான் கூலி என்ற சொல்லே வந்தது என்பார்கள். ஆக, அவள் கேட்டதும் முழுத் தப்பில்லை.

மே 14

கப்பம். கதையின் முடிச்சே அதுதான். பல்லவனுக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்று பார்த்திபன் நிற்கிறான், சண்டைக்குப் போய்ச் சாகிறான். கட்டபொம்மன் கதை சொல்லி, 1799 அக்டோபர் 16 அன்று அவனைத் தூக்கிலிட்ட கயத்தாறு மதுரை ரோட்டில்தான் இருக்கிறது என்றேன். தமிழ்நாட்டில் கப்பம் என்ற சொல்லைக் காப்பாற்றியது பாதி இந்த மாதிரிக் கதைகள்தான். இல்லாவிட்டால் வரி என்ற ஒரே பானைக்குள் எல்லாம் விழுந்திருக்கும்.

அவள் ஆச்சி, அதாவது என் மனைவி, அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள்: “எதுக்குட்டி அம்புட்டு தூரம் போற? மாசம் பொறந்தா ஒங்க தாத்தா கேபிள்காரனுக்கு மூச்சு விடாமக் கட்டுதாவள்ளா, அதான் கப்பம்.”

டைரியில் அதுவே ஏறிவிட்டது. கட்டபொம்மனைக் காணோம்.

மே 15

ஆச்சியின் சொற்களுக்கும் டைரியில் இடம் கிடைத்துவிட்டது. பிடரி என்றால் என்ன என்று என்னிடம் கேட்டவளுக்கு, “பொடதி” என்று பின்கழுத்தில் லேசாக ஒரு தட்டு தட்டிக் காட்டினாள். பாத்திரத்துக்கு ‘ஏனம்’. கூடத்துக்கு ‘பட்டாசல்’; அது பட்டகசாலை. ராஜா கதைச் சொல் ஒரு வரி, எங்கள் வீட்டுச் சொல் ஒரு வரி என்று மாறி மாறிப் போகிறது பக்கம். இரண்டையும் அவள் ஒரே மாதிரி, பழங்காலத்தது என்றுதான் வைத்திருக்கிறாள். ஆச்சிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இன்னொன்று. பல்லவ இளவரசி குந்தவி பல்லக்கில் போகும்போது சங்கிலியால் கட்டிய பார்த்திபன் மகன் விக்கிரமனைப் பார்க்கிற இடம் இன்று வந்தது. பல்லக்கு அவளுக்குத் தெரியும். என் மேதாவித்தனம் சும்மா இருக்கவில்லை. “இதுக்கே சிவிகைன்னும் பேரு” என்றேன்.

“ரெண்டும் ஒண்ணா?”

“ஒண்ணுதான்.”

“ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு வார்த்தை?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மே 18

பாபநாசம் போனோம். பஸ் முகப்பில் ‘வி.கே.புரம்’. என்ன விரிவு என்று கேட்டாள். விக்கிரமசிங்கபுரம் என்றதும் சீட்டிலிருந்து எழுந்தே விட்டாள். “நம்ம விக்கிரமனா?” வேறு விக்கிரமன் என்றேன். ராஜா பெயரை இனிஷியலாகச் சுருக்கிப் போர்டில் எழுதிவிட்டோம், பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

குளிக்கப் போன இடம் தலையணை. காலையில் “தலையணைக்குப் போறோம்” என்றதும் தூங்கத்தான் போகிறோம் என்று நினைத்தாளாம். ஆற்றின் குறுக்கே கட்டிய பழைய அணை. தண்ணீர் விளிம்பு முழுக்க மெல்லிசாக வழிந்து இறங்குகிறது. அந்த விளிம்பில் பாசி. கால் வைத்தால் வழுக்கும். தலை அணை, முதல் அணை. வீட்டுத் தலையணையில் இருக்கிற ‘அணை’ படுக்கை. பஞ்சணை, மலரணை என்கிறோமே, அது. விளக்கை அணைப்பது வேறு, பிள்ளையை அணைப்பது வேறு. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தமிழன் எவ்வளவு காலம் தள்ளியிருக்கிறான்!

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. ஏழு பழையவை. கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது. பெயர்களை ஒப்பித்தேன்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர். கோடைமேலழகியானை இரண்டு தடவை சொல்லச் சொன்னாள். கதையில் வருகிற தளபதி பெயர் மாதிரி இருக்கிறதாம். நதியுண்ணிக்கு அவளுக்கு நாய் உண்ணி ஞாபகம் வந்தது. பிறகு அறிவியல் பாடத்துத் ‘தாவர உண்ணி’ ஞாபகம் வந்து, “ஆத்தைச் சாப்பிடுறதா!” என்று கத்தினாள். பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்புகிற அணைக்கு அதைவிடப் பொருத்தமாக யார் பேர் வைக்க முடியும்?

மே 24

முடித்துவிட்டாள். கதையில் வருகிற சிவனடியார் உண்மையில் யாரென்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறாள். இருக்கலாம். நான் கண்டுபிடித்ததில்லை.

மே 31

ரயில் ஏற்றிவிட்டு வந்தேன். புத்தகத்தை எடுத்துக்கொண்டு டைரியை விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். புரட்டினேன். பொருள் எழுதவேண்டிய இடத்தில் பல சொல்லுக்குப் பொருளே இல்லை. துறை: மீன்குஞ்சு. வாகை: கலகல. அணை: வழுக்கும். சிவிகைக்கு நேரே மட்டும்: ‘தாத்தா கேட்டுச் சொல்வார்.’

ஜூன் 2

கோயிலுக்குப் போனேன். சுவாமியைத் தோளில் சுமக்கிற ஸ்ரீபாதம் தாங்கி ஒருவரிடம் கேட்டேன். “பல்லக்கு தெரியும், சப்பரம் தெரியும், கேடயம் தெரியும். நீங்க சொல்லுதது இங்கன இல்லியே” என்றார். ஊரெல்லாம் சொல் உயிரோடு இருக்கிறது என்று ஒரு மாதமாகப் பெருமைப்பட்டவனுக்கு முகம் விழுந்துவிட்டது. அவரே ஓதுவாரைக் கை காட்டினார். ஓதுவார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஞானசம்பந்தருக்குத் திருவரத்துறையில முத்துச் சிவிகை குடுத்தாரே ஈசன். கால் நோக நடந்து வந்த பிள்ளைக்கு.” அவ்வளவுதான், தீபாராதனைக்குப் போய்விட்டார்.

ராத்திரி போன் போட்டுச் சொன்னேன். சம்பந்தருக்கு அப்போது எத்தனை வயது என்று கேட்டாள். சின்னப் பிள்ளை என்றேன்.

“அப்போ பெரியவங்களுக்குப் பல்லக்கு, சின்னப் பசங்களுக்குச் சிவிகை. எழுதிருங்க தாத்தா.”

எழுதிவிட்டேன்.