மாட்டைப் பார்த்த அரசர்

சீனாவின் பழைய அறநூல்களைப் படிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கன்ஃபூசியஸில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அவர் மறைந்து ஒரு நூற்றாண்டுக்குப் பின் பிறந்த மென்சியஸின் நூலில் இன்னொரு சுவை இருக்கிறது. அங்கே அறம் வாதமாக நடக்கிறது. அரசர்கள் மறுத்துப் பேசுகிறார்கள், சாக்குச் சொல்கிறார்கள், மாட்டிக்கொண்டால் பேச்சை மாற்றுகிறார்கள். ஒழுக்கமாக வாழ்வது எப்படி என்று கேட்டுப் புத்தகத்தைத் திறப்பவருக்கு, அந்த அரசர்கள் மிகவும் தெரிந்த மனிதர்களாகத் தோன்றுவார்கள்.

அவர்களில் ஒருவர் சி நாட்டு அரசர் சுவான். கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய ஷாண்டோங் மாகாணத்தில் உள்ள லின்சியிலிருந்து ஆண்டவர். ஒருநாள் அவர் மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும்போது கீழே ஒருவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறான். மாட்டைப் பலியிட்டு, அதன் ரத்தத்தைப் பெரிய மணி ஒன்றில் பூசுவது சடங்கு. மாடு நடுங்குகிறது. அரசருக்கு அதைக் காணப் பொறுக்கவில்லை, விட்டுவிடச் சொல்கிறார். அப்படியானால் சடங்கை நிறுத்திவிடலாமா என்று அவன் கேட்க, அதெப்படி முடியும், பதிலுக்கு ஓர் ஆட்டைக் கொண்டு போ என்கிறார்.

மாட்டுக்குப் பதில் ஆடா, அரசர் சரியான கருமி என்று ஊர் பேசியது. அரசருக்கோ தாம் கருமி இல்லை என்று தெரியும். ஆனால் ஏன் அப்படிச் செய்தோம் என்று தெரியவில்லை. மென்சியஸ்தான் அவருக்கு எடுத்துச் சொன்னார்: நீங்கள் மாட்டைக் கண்ணால் பார்த்தீர்கள், ஆட்டைப் பார்க்கவில்லை.

கண்ணில் படாத ஆடு மட்டும் சாகலாமா? இந்தக் கேள்வி எழாமல் யாராலும் இந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாது. மேன்மக்கள் சமையற்கட்டுக்குத் தள்ளியே இருப்பார்கள் என்று மென்சியஸ் தரும் சமாதானமும் உறுத்துகிறது. அந்த உறுத்தலோடுதான் மேலே படிக்க வேண்டும். ஏனென்றால் அவர் குறிவைப்பது வேறிடத்தை. மாட்டுக்காக இளகும் மனம் உங்களுக்கு இருக்கிறது, அப்படியிருக்க உங்கள் குடிமக்களை அது ஏன் எட்டவில்லை என்று கேட்கிறார். மலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடலைத் தாண்டச் சொன்னால் முடியாது எனலாம். பெரியவர் ஒருவருக்குச் சிறு உதவி செய்ய முடியாது என்றால், அது முடியாமை அல்ல, செய்யாமை.

இங்கேதான் மென்சியஸ் மற்ற உபதேசிகளிடமிருந்து விலகுகிறார். புதிதாக ஒரு நற்குணத்தைச் சம்பாதித்துக்கொள் என்று அவர் யாரிடமும் சொல்வதில்லை. ஏற்கெனவே இருக்கும் இரக்கத்தை, அது இன்னும் போய்ச் சேராத இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். அதற்கு அவர் தரும் வழியும் காலூன்றி நிற்பது: வீட்டைச் சுற்றி மல்பெரி மரம் நட்டால் 50 வயதானவர்கள் பட்டு உடுத்தலாம், கோழியும் பன்றியும் உரிய காலத்தில் பெருகினால் 70 வயதானவர்கள் இறைச்சி உண்ணலாம், உழவு நாளைப் பறிக்காமல் விட்டால் எட்டுப் பேர் கொண்ட குடும்பம் பசியில்லாமல் இருக்கும். நிலையான பிழைப்பு இல்லாத மக்களைக் குற்றத்தில் விழவைத்துப் பிறகு தண்டிப்பது வலை விரித்துப் பிடிப்பதுதான் என்று அரசர் முகத்துக்கு நேரே சொல்கிறார்.

பின்னால் வந்த சிந்தனையாளர் ஷூன்சி இதை ஏற்கவில்லை. மனித இயல்பே கோணல், வளைந்த மரத்தை ஆவியில் காட்டி நிமிர்த்துவதுபோல் பழக்கியாக வேண்டும் என்றார். தன் மனத்தைக் கொஞ்சம் கவனித்தவர்களால் அவரையும் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆட்சியாளர்களைக் கலங்கடித்தவர் மென்சியஸ்தான். மிங் வம்சத்தை நிறுவிய ஹொங்வு பேரரசர் 1394-இல் அவருடைய நூலிலிருந்து 85 பகுதிகளை வெட்டியெறியச் செய்தார். மக்களே முதன்மை, அரசன் கடைசி என்ற பேச்சு பேரரசருக்குப் பிடிக்கவில்லை.

சுவான் மாறினாரா? இல்லை. கி.மு. 314 வாக்கில் அவர் படை யான் நாட்டுக்குள் புகுந்தது. பிடித்த முதியவர்களையும் குழந்தைகளையும் திருப்பி அனுப்புங்கள் என்று மென்சியஸ் சொன்னதை அரசர் கேட்கவில்லை. யான் மக்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, மென்சியஸின் முகத்தில் விழிக்க வெட்கமாக இருக்கிறது என்றார். மென்சியஸ் பதவியைத் துறந்து கிளம்பினார். ஆனால் எல்லையைத் தாண்டுவதற்கு முன் வழியில் ஓர் ஊரில் மூன்று இரவு தங்கினார். போகிறவர் ஏன் இப்படித் தயங்குகிறார் என்று ஒருவர் பழித்தார். எனக்கு அந்த மூன்று இரவும்கூட அவசரமாகவே பட்டது, அரசர் மனம் மாறித் திரும்ப அழைப்பார் என்று காத்திருந்தேன், நல்லது செய்யும் தகுதி இன்னும் அவருக்கு உண்டு என்று மென்சியஸ் பதில் சொன்னார்.