குடையைத் தூக்கிப் பிடி, தம்பி!

நான் பி.காம். படித்தவன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது கணக்குதான். மற்றவர்கள் அருவியைப் பார்ப்பார்கள். நான் அருவிக்கு டிக்கெட் எவ்வளவு என்று பார்ப்பேன். அப்படிப்பட்டவன் பிரிட்டனின் வடக்கு உச்சியில் இருக்கும் ஷெட்லாண்ட் தீவுகளின் கதையைப் படித்ததும், 'அட, இது நம்ம வீட்டு விவகாரம் மாதிரி இருக்கே!' என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். 1469-ல் டென்மார்க், நார்வே இரண்டுக்கும் ராஜாவாக இருந்த முதலாம் கிறிஸ்டியன், தன் பெண் மார்கரெட்டை ஸ்காட்லாந்து ராஜா மூன்றாம் ஜேம்ஸுக்குக் கட்டிக் கொடுத்தார். பேசின வரதட்சணை 60,000 ஃபுளோரின். கஜானா காலி. முந்தின வருஷமே ஆர்க்னி தீவுகளை 50,000-க்கு அடகு வைத்தாயிற்று. மிச்சம் 10,000-ல் அவரால் புரட்ட முடிந்தது 2,000-தான். பாக்கி 8,000-க்கு ஷெட்லாண்டைத் தூக்கி அடகு வைத்தார். பின்னால் வந்தவர்கள் 'பணம் தருகிறோம், தீவைக் கொடு' என்று கேட்டுப் பார்த்தார்கள். சம்பந்தி வீட்டார் அசையவில்லை. ஐந்தரை நூற்றாண்டு ஆகிவிட்டது. பொருள் இன்னும் மீட்கப்படவில்லை!

எங்கள் வீட்டிலும் ஒரு அடகு உண்டு. 2002-ல் மன்னார்குடி வீட்டை அடகு வைத்துத்தான் அப்பா, அண்ணனை அபர்டீனுக்குப் படிக்க அனுப்பினார். அண்ணன் கெட்டிக்காரன். எண்ணெய்க் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்து நாலே வருஷத்தில் வீட்டை மீட்டுவிட்டான். ஆனால் அவன் மட்டும் திரும்பி வரவில்லை.

போன வருஷம் மே மாதம் அம்மா என்னைக் கூப்பிட்டாள். "வீட்டுக்கு நல்ல விலை வந்திருக்குடா. அவன் வர்றானா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வா. இல்லேன்னா வித்துட்டு திருச்சிக்கு உங்க அக்காகிட்ட போயிடறேன். எழுபத்தி நாலு வயசாச்சு. பாம்பு வந்தா அடிக்கக்கூட ஆள் இல்ல."

"போன்ல கேளேம்மா."

"போன்ல கேட்டா, 'சிக்னல் சரியில்ல'ங்கறான்."

அதனால்தான் ஸார், ஒரு வரி பதிலுக்காக, அக்கா பாதி, நான் பாதி போட்டு ஸ்காட்லாந்துக்கு டிக்கெட் வாங்கினோம்.

அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்து கட்டிப் பிடித்தான். சாம்பார் வைத்தான். ஊரைச் சுற்றிக் காட்டினான். ஒரு வாரம் ஓடிவிட்டது. கேட்க வந்ததைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டேன். கடைசியில் அவனே, "வாடா, வடக்கே ஒரு இடத்துக்குப் போகலாம்" என்று காரில் இரண்டு குடைகளைத் தூக்கிப் போட்டான்.

அபர்டீனில் சாயங்காலம் கப்பலில் காரை ஏற்றினால் மறுநாள் காலையில் லெர்விக். அந்த இரவைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். சாப்பிட்டதற்குக் கொடுத்த காசு வீண் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். லெர்விக்கிலிருந்து காரில் டாஃப்ட். அங்கே ஒரு சின்னப் படகு ஏறி யெல் என்ற தீவு. அதைக் குறுக்கே கடந்து இன்னொரு படகு ஏறினால் அன்ஸ்ட் தீவு. வழியில் மரம் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக ஒன்றும் கிடையாது. புல், கரி மண், ஆடுகள், நம் ஊர்க் கன்றுக்குட்டி உயரத்தில் குதிரைகள், மிச்சமெல்லாம் காற்று.

அது என்ன காற்று! இந்தத் தீவின் சாக்ஸா வோர்ட் குன்றில் ராணுவ ரேடார் நிலையம் ஒன்று இருந்தது. 1992 புத்தாண்டில் அங்கிருந்த கருவி மணிக்கு 197 மைல் வேகம் காட்டிவிட்டு, தானும் காற்றோடு போய்விட்டதாம். அதிகாரபூர்வக் கணக்கில் அது சேரவில்லை. கணக்கெழுதும் ஆளே பறந்துபோனால் கணக்கு எப்படிச் சேரும்?

அன்ஸ்டின் வடமேற்கு முனைதான் ஹெர்மனெஸ். சேற்று நிலத்தின்மேல் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். அரை மணி நடந்ததும் அண்ணன் குடையை நீட்டினான்.

"மழை இல்லையே?"

"பிரிக்காதே. தலைக்கு மேல தூக்கிப் பிடி, தம்பி!"

அவன் சொல்லி முடிக்கவில்லை. பின்னாலிருந்து 'விர்'ரென்று ஒரு சத்தம். பருந்து அளவில் பழுப்பு நிறத்தில் ஒன்று என் குடை நுனியை உரசிக்கொண்டு போனது. ஸ்குவா என்று பெயர், உள்ளூரில் பாங்க்ஸி. கூட்டுக்குப் பக்கத்தில் யார் வந்தாலும், எது உயரமாக இருக்கிறதோ அதை அடிக்கும். தலையைவிட உயரமாகக் குடை இருந்தால் அடி குடைக்கு. இல்லையென்றால் மண்டைக்கு. ஆபீஸில் மேனேஜருக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் இந்த முறையைக் கையாளலாம் என்று தோன்றியது.

சிரிக்கத் தோன்றினாலும் அதன் கதை சிரிப்பில்லை. 1831-ல் இந்த முனையில் மூன்றே ஜோடிகள்தான் மிஞ்சியிருந்தன. உள்ளூர்க் குடும்பம் ஒன்று வேட்டையைத் தடுத்துக் காவல் காத்தது; நூற்றுக்கணக்கில் பெருகின. 2022-ல் பறவைக் காய்ச்சல் வந்தது. 2023-ல் பிரிட்டன் முழுக்க எண்ணிப் பார்த்தபோது நாலில் மூன்று பங்கு போயிருந்தது. 'அடிக்கட்டும், அடிக்க ஒன்றாவது இருக்கே' என்றான் அண்ணன்.

பாதை முடிந்து விளிம்பு வந்தது. ஒரே செங்குத்தாக 500 அடிக்குக் கீழே கடல். பாறை முகம் முழுக்க வெள்ளை வெள்ளையாக கேனட் பறவைகள், ரங்கநாதன் தெருவில் தீபாவளி மாதிரி. எதிரே கடலில், பல் பல்லாக நிற்கும் பாறைகளில் ஒன்றின் தலையில் மக்கிள் ஃப்ளக்கா கலங்கரை விளக்கம். கிரிமியா யுத்தத்தில் கப்பல்களைக் காக்க 1854-ல் அவசரமாக ஒரு விளக்கு ஏற்றினார்கள். பாறை 200 அடி உயரம், அலை எங்கே வரப்போகிறது என்று நினைத்தார்கள். அந்தக் குளிர்காலத்திலேயே வந்தது. கதவையே உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது! பிறகு ஸ்டீவன்சன் சகோதரர்கள் 64 அடிக் கோபுரம் கட்டி, 1858-ல் விளக்கேற்றினார்கள். அந்தச் சகோதரர்களில் தாமஸின் பையன்தான் 'புதையல் தீவு' எழுதிய ராபர்ட் லூயி ஸ்டீவன்சன். 1869-ல் அப்பாவோடு இங்கே வந்திருக்கிறார். 1995-லிருந்து விளக்கு தானாக எரிகிறது. ஆள் கிடையாது.

அண்ணன் ஒரு பாறையைக் காட்டினான். "அங்கதான் ஆல்பர்ட் உட்கார்ந்திருக்கும்."

"யாரு, உன் ஃப்ரெண்டா?"

"ஆல்பட்ராஸ்டா. பூமிக்குத் தென்பாதியில இருக்கிற பறவை. எப்படியோ வழி தவறி 1972-ல இங்க வந்துடுச்சு. பூமத்தியரேகைப் பக்கம் காத்து கிடையாது. மிதந்தே பறக்கிற பறவைக்குத் தாண்டிப் போறது கஷ்டம். இந்த கேனட்டுங்க நடுவுல கூடு கட்டிக்கிட்டு ஜோடிக்குக் காத்திருந்தது. நடுவுல ரெண்டொரு வருஷம் தவிர 1995 வரைக்கும் வந்துக்கிட்டே இருந்தது. ஜோடி வரவே இல்ல."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் ஜூன்ல வர்றேன்டா."

ஜூன். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

2016 ஜூனில் அப்பா தவறினபோது அண்ணன் வேலையாக ஷெட்லாண்டில் இருந்தான். தகவல் கிடைத்து ஏர்போர்ட்டுக்கு ஓடியிருக்கிறான். கடல்மூட்டம். விமானம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. அவன் மன்னார்குடி வந்தது மூன்று நாள் கழித்து. கொள்ளி வைத்தவன் நான். திண்ணையில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். நானும் பேசினேன் ஸார். 'பெரிய சம்பளம், ஒரு டிக்கெட் கிடைக்கலியாக்கும்' என்று அவன் காதுபடச் சொன்னேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து போனவன்தான். அப்புறம் ஊர்ப்பக்கம் வரவில்லை.

காற்று காதை அடைத்தது. இனியும் கேட்காவிட்டால் எப்போது என்று கத்தினேன். "அம்மா கேட்டுட்டு வரச் சொன்னா!"

"என்னது, காபியா?"

"வீட்டை விக்கலாமான்னு! நீ வர்றியான்னு!"

அண்ணன் கடலைப் பார்த்தான். "எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வர்றது?" என்றான். அது மட்டும் எப்படியோ தெளிவாகக் கேட்டது.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, அண்ணே."

"என்ன சொல்றே? கேக்கல!"

கேட்டிருக்கும். ஆனாலும் இன்னொரு தடவை சொன்னேன், தொண்டை கிழிய. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் என் தோளில் கை போட்டான். அந்த நேரம் பார்த்து இரண்டு பேரும் குடையைத் தாழ்த்திவிட்டோம். பாங்க்ஸி விடுமா? அண்ணன் தொப்பி பத்தடி தள்ளிப் போய் விழுந்தது.

திரும்பும் வழியில் பால்டசவுண்ட் பக்கம் ஒரு பஸ் ஸ்டாப். பள்ளிக்கூடப் பையன் ஒருவன், பழைய நிழற்குடையை எடுத்துவிட்டார்களே என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுத, 1996-ல் புதிதாகக் கட்டிக் கொடுத்தார்களாம். யாரோ சோபா கொண்டுவந்து போட்டார்கள். அப்புறம் திரைச்சீலை, அலங்காரம் என்று சேர்ந்து உலகப் பிரசித்தமாகிவிட்டது. சென்னையில் நான் நிற்கும் ஸ்டாப்பில் கூரையே கிடையாது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்த சோபாவில் உட்கார்ந்து அண்ணன் போனை எடுத்தான். மூன்று கோடு சிக்னல். ஊரில் அப்போது ராத்திரி ஏழரை மணி.

"அம்மா..."

"சாப்பிட்டியாடா? குரல் ஏன் இப்படி இருக்கு? தலையைத் துவட்டினியா?"

அண்ணனால் சற்று நேரம் பேச முடியவில்லை. பிறகு, "வீடு வாங்க வந்தவர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடும்மா. தையில வர்றேன்" என்றான்.

"வேலை?"

"வந்து பேசிக்கலாம்."

இந்த மாதிரி வாக்குறுதிகள் நிறையப் பார்த்தவன் நான். வரவு வைக்காமல் 'சந்தேகக் கடன்' தலைப்பில்தான் எழுதி வைத்தேன். ஆனால் தை அமாவாசைக்கு முந்தின நாள், வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மறுநாள் அப்பாவுக்குப் படையல். அண்ணன் இலையிலிருந்து சோற்றை எடுத்து மதில்மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டான். வேப்பமரத்திலிருந்து ஒரு காக்கை நேராக அவன் தலையை நோக்கி இறங்கியது. சட்டென்று ஒரு கை உயர்ந்தது, குடை இல்லாமலே.

நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"காக்காவுக்குப் போய் எவனாவது பயப்படுவானா?" என்றாள் அம்மா.